ப்ரூட் வார்: 8 பேட்டில்குரூசர் 20 கோலியாத்திடம் கரைஞ்சு போகுது, ஏன்?

தலவாக்கலை_தம்பி கேட்டது:

அண்ணமாருக்கு வணக்கம். ஸ்டார்கிராஃப்ட் ப்ரூட் வார்ங்கிற கம்ப்யூட்டர் போர் ஆட்டம், டெரன் (மனுஷப் படை) எதிர் டெரன், ஒருத்தருக்கு ஒருத்தர். ஊர்ப் பையன்கள் சேர்ந்து வைக்கிற லேன் போட்டிக்காகக் கேட்கிறேன்.

நிலைமை இதுதான்: 8 குரூசர் (பேட்டில்குரூசர்ங்கிற பறக்கிற போர்க்கப்பல்), அதாவது 3200 மினரல், 2400 கேஸ் செலவு. எதிரில் 20 கோலியாத் (வானத்தையும் சுடுற, தரையில நடக்கிற இயந்திரம்), 2000 மினரல், 1000 கேஸ். மோதினா பத்துப் பதினைஞ்சு செக்கனுக்குள்ள 8 கப்பலும் போயிருது. அந்தப் பக்கம் செத்தது அஞ்சாறு கோலியாத்தான். எதிராளிக்கு வாகன ஆயுத அப்கிரேட் 3 வரைக்கும் முடிஞ்சிருக்கு, சாரன் பூஸ்டரும் (கோலியாத்தோட வானத்து ரேஞ்சைக் கூட்டுறது) இருக்கு. குரூசர் பக்கம் கப்பல் ஆயுதம் 0, கப்பல் கவசம் 0. கொலோசஸ் ரியாக்டர் (கப்பலோட உச்ச எனர்ஜியைக் கூட்டுறது) மட்டும் முடிச்சிருக்கு, யமாட்டோ (எனர்ஜியால சுடுற பெரிய பீரங்கி) இன்னும் ஆராயல.

கேள்வி மூணு. இவ்வளவு சீக்கிரம் கரையிறதுக்குக் காரணம் என்ன? யமாட்டோவா ரியாக்டரா, எது முதல்? வீடியோவில குரூசர் ஒரு இடத்தில மறைஞ்சு இன்னொரு இடத்தில வந்து நிக்குதே, அந்த பட்டன் எங்க இருக்கு?

---

கணக்கப்பிள்ளை பதில்:

தம்பி, கடைசிக் கேள்வியை முதல்ல முடிச்சிடுவோம். இடம் தாவுறது ஸ்டார்கிராஃப்ட் 2-இல வர்ற குரூசர். அதுக்கு 550 உயிர், யமாட்டோவுக்கு எனர்ஜி தேவையில்ல, எண்ணெல்லாம் வேற. ப்ரூட் வார் குரூசருக்கு 500 உயிர், கவசம் 3, அடி 25, ரேஞ்ச் 6, சப்ளை (படைக்கான இட ஒதுக்கீடு) 6. தாவல் கிடையாது. ரெண்டு ஆட்டத்து வீடியோவையும் கலந்து பார்த்துப் பழகினா கணக்கு பிசகும்.

இப்ப கரையிற விஷயம். இந்த ஆட்டத்தில கவசம் சதவீதமா வேலை செய்யாது. ஒவ்வொரு அடியிலயும் கவச எண் அப்படியே கழியும். கோலியாத் வானத்துக்குச் சுடும்போது 20-ஐ ஒரே அடியா அடிக்கிறதில்ல. 10, 10-ன்னு ரெண்டு ஏவுகணை. அதனால கவசம் ரெண்டு தடவை கழியும். இது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா வரும்.

அப்கிரேட் இல்லாத கோலியாத், அப்கிரேட் இல்லாத குரூசர்: 10-இல 3 போனா 7, ரெண்டுக்கு 14. உங்க எதிராளிக்கு ஆயுதம் 3. ஒரு நிலைக்கு ஏவுகணைக்கு 2 கூடும், அதனால ஏவுகணை 16. 16-இல 3 போனா 13, ரெண்டுக்கு 26. இப்ப 20 கோலியாத்தும் ஒண்ணா ஒரு தடவை சுட்டா 520. உங்க கப்பலோட உயிர் 500. ஒரு சுற்றுக்கு ஒரு கப்பல்! கோலியாத்தோட அடுத்த சுற்று வர ஃபாஸ்டெஸ்ட் வேகத்தில ஒரு செக்கன்கூட ஆகாது. கொஞ்சம் சிதறிச் சுட்டாலும் நீங்க சொல்ற நேரத்துக்குள்ள எட்டும் முடியும். விரல் வேகத்தில எந்தக் குறையும் இல்ல, கணக்கே அப்படி.

அதே சண்டையில கப்பல் கவசம் 3 முடிஞ்சிருந்தா மொத்தக் கவசம் 6. 16-இல 6 போனா 10, ரெண்டுக்கு 20. இருபது கோலியாத்துக்கு 400. கப்பல் 100 உயிரோட நிக்கும், பின்னால இழுத்து எஸ்சிவியை (வேலைக்கார வண்டி) விட்டு ரிப்பேர் பண்ணலாம். ஒரு சுற்றில சாகிறதுக்கும் சாகாததுக்கும் நடுவில இருக்கிறது அந்த மூணு புள்ளிதான்.

உங்க பக்கத்து அடியையும் பாருங்க. கோலியாத்துக்கு 125 உயிர், கவசம் 1. உங்க 25, அதுக்கு 24. ஒரு கோலியாத் சாக 6 அடி. கப்பல் ஆயுதம் 3 ஆனா 34, அதுக்கு 33, நாலே அடி. எட்டுக் கப்பல் ஒரு சுற்று சுட்டா ஆயுதம் 0-இல ஒண்ணு சாகும், ஆயுதம் 3-இல ரெண்டு சாகும்.

அடுத்தது தூரம். சாரன் பூஸ்டர் போட்ட கோலியாத்துக்கு வானத்து ரேஞ்ச் 8, உங்களுக்கு 6. வேகமும் அதுக்குத்தான் கூட. திறந்த வெளியில துரத்தவும் முடியாது, தப்பவும் முடியாது. அதனால குரூசரைத் தனியா அனுப்பவே கூடாது. கீழ சீஜ் போட்ட (ஒரே இடத்தில ஊன்றி நின்னு தூரமாச் சுடுற) டேங்க் இருக்கணும். டேங்கோட சீஜ் ரேஞ்ச் 12, அடி 70, கோலியாத் ரெண்டு குண்டுல போயிரும். குரூசர் டேங்க் வரிசைக்கு மேல, இல்ல கொஞ்சம் முன்னால நிக்கட்டும். அதைச் சுட வர்ற கோலியாத் டேங்கோட வட்டத்துக்குள்ள வந்துதான் சுடணும். எதிராளி டேங்க் வானத்தைச் சுடாது, உங்க டேங்க் அவரோட கோலியாத்தைச் சுடும். டெரன் எதிர் டெரன்ல குரூசர் கட்டுறதுக்குக் காரணமே இந்த ஒரு ஏற்றத்தாழ்வுதான்.

மேட்டைப் பயன்படுத்துங்க. நம்ம மலை ரோடு மாதிரிதான் மேப்பும். எதிர்மலைத் தோட்டம் கண்ணுக்கு நேரா தெரியும், கூப்பிட்டா கேட்கும், ஆனா பஸ்சில போனா ஆத்துக்கு இறங்கி, பாலம் தாண்டி, வளைவு வளைவா ஏறணும். கோலியாத் அந்த பஸ் மாதிரி, ஏற்ற வழியாத்தான் வரும். குரூசர் பள்ளத்தாக்கை நேரா கடக்கும். எதிராளியோட மினரல் வரிசைக்குப் பின்னால பள்ளமோ பாறையோ இருந்தா அங்க நின்னு எஸ்சிவியை அடிங்க. கோலியாத் சுத்தி வந்ததும் பள்ளத்துக்கு மேல பின்வாங்குங்க. ரேஞ்ச் 8-க்கு அப்பால போற அளவு அகலமான பள்ளமான்னு முன்னாடியே பார்த்து வச்சுக்கங்க. ஒடுக்கமான பள்ளம்னா விளிம்பில நின்னே சுட்டுடும்.

---

ஹட்டன்_வளைவு பதில்:

கவசக் கணக்கு முழுசா சரி. யமாட்டோ பற்றி நான் எழுதறேன், ஏன்னா ரியாக்டரை முதல்ல போடுற பிழையைப் பலர் பண்றாங்க.

யமாட்டோ ஆராய 100 மினரல் 100 கேஸ். ரியாக்டருக்கு 150, 150. ரெண்டுமே ஃபிசிக்ஸ் லேப்ங்கிற கட்டடத்தில, ஒரு நேரத்தில ஒண்ணுதான் ஓடும். யமாட்டோ இல்லாத கப்பலுக்கு எனர்ஜியால எந்த வேலையும் இல்ல. அப்ப ரியாக்டர் போட்டு என்ன பயன்? முதல்ல யமாட்டோ.

கப்பல் 50 எனர்ஜியோட பிறக்கும். யமாட்டோவுக்கு 150 வேணும். ஃபாஸ்டெஸ்ட் வேகத்தில ஒரு எனர்ஜி ஏற ஏறக்குறைய 1.34 செக்கன், ஆக மீதி 100 ஏற 2 நிமிஷம் 14 செக்கன் அளவில ஆகும். கட்டின கையோட சண்டைக்கு அனுப்புற கப்பல் பாதி ஆயுதத்தோட போகுதுன்னு அர்த்தம். கடைசிக் கப்பல் வெளிய வந்து ரெண்டேகால் நிமிஷம் கழிச்சுப் புறப்படுங்க.

ரியாக்டர் உச்ச எனர்ஜியை 200-இல இருந்து 250 ஆக்கும். ரெண்டு யமாட்டோவுக்கு 300 வேணும், அதனால தொடர்ந்து ரெண்டு வராது. ஆனா 250-இல ஒண்ணு சுட்டா 100 மிச்சம், அடுத்தது 67 செக்கன்ல. 200-இல சுட்டா 50 மிச்சம், அடுத்ததுக்கு அதே 2 நிமிஷம் 14 செக்கன். ரியாக்டரோட உண்மையான லாபம் இதுதான். நிறைய நேரம் கப்பலைச் சும்மா நிறுத்தி 250 வரை ஏத்துறவங்களுக்குத்தான் அது கிடைக்கும்.

எதைச் சுடணும்: யமாட்டோ 260 அடி, ரேஞ்ச் 10. 125 உயிர் கோலியாத்துக்கு அதைச் செலவழிக்கிறது வீண். மிசைல் டரெட்டுக்கு (வானத்தைச் சுடுற கோபுரம்) 200 உயிர், ரேஞ்ச் 7, ஒரே யமாட்டோ போதும். சீஜ் டேங்குக்கு 150, ஒண்ணு. சயன்ஸ் வெசலுக்கு (பறக்கிற உதவிக் கப்பல்) 200, அதுவும் ஒண்ணு. வெசலைத்தான் முதல்ல தேடணும், ஏன்னா அது ஈ.எம்.பி. எறிஞ்சா அந்த வட்டத்தில நிக்கிற அத்தனை கப்பலோட எனர்ஜியும் பூஜ்யம். ஈ.எம்.பி. ரேஞ்ச் 8, உங்களுது 10. முந்திக்கலாம். எதிராளியும் குரூசர் கட்டினா, ஒரு குரூசருக்கு ரெண்டு யமாட்டோ. கவசம் 6 இருந்தாலும் 254, 254 சேர்ந்து 508, போயிரும். யார் முதல்ல சுடுறாங்களோ அவங்களுக்குத்தான் அந்தச் சண்டை.

இதில அதிகமா நடக்கிற விபத்து ஒண்ணு. 12 கப்பலைச் சேர்த்துத் தெரிவு செஞ்சு Y கீயை அமத்தி ஒரு டரெட்டைக் கிளிக் பண்ணா, எனர்ஜி இருக்கிற எல்லாக் கப்பலும் அந்த ஒரே டரெட்டைச் சுடும். 12 யமாட்டோ, ஒரு டரெட். இதைத் தவிர்க்க: 12-ஐயும் கண்ட்ரோல் 1-இல வைங்க. பிறகு ரெண்டு ரெண்டாப் பிரிச்சு 2-இல இருந்து 7 வரை வைங்க. ஒரே கப்பல் ரெண்டு குழுவில இருக்கலாம், பிரச்சினை இல்ல. நகர்த்த 1. குரூசரைச் சுட 2, Y, கிளிக், அடுத்ததுக்கு 3, Y, கிளிக். டரெட் மாதிரி ஒண்ணே போதும்ங்கிற இலக்குக்கு ஒரு கப்பலை மட்டும் தனியாத் தொட்டுச் சுடுங்க. சார்ஜ் ஆகி வெடிக்கிற வரைக்கும் கப்பல் வழக்கமான லேசரைச் சுடாது, அதனால கோலியாத் நெருங்கி வந்த பிறகு யமாட்டோ தொடங்காதீங்க.

கதைப்படி யமாட்டோங்கிறது சின்ன அணுவெடிப்பு ஒண்ணைக் காந்தப்புலத்தால ஒடுக்கி ஒரே கற்றையாத் தள்ளுற பீரங்கி. பெஹெமத் வகைக் கப்பலோட மூக்கே அந்தக் குழாய்க்காகத்தான். அந்தச் சுத்தியல் மூக்கில வெளிச்சம் திரண்டு உருண்டையா நிக்கிற அந்த ஒரு கணம் எத்தனை தடவை பார்த்தாலும் அழகுதான்.

---

தலவாக்கலை_தம்பி:

ரொம்ப நன்றி அண்ணே. அப்ப 12 கப்பலும் எல்லா அப்கிரேடும் சேர்த்து மொத்தம் எவ்வளவு கேஸ் வேணும்? ஸ்டார்போர்ட் (கப்பல் கட்டுற கட்டடம்) எத்தனை? அப்புறம் ஒரு பையன் ஜெர்க் (பூச்சிப் படை) ஆடுவான், அவனுக்கும் இதையே கட்டலாமா?

---

அப்புத்தளை_மேகம் பதில்:

ஜெர்க்குக்கு நான் சொல்றேன். கட்டாதீங்க. கட்டியே ஆகணும்னா பின்வருவதைத் தெரிஞ்சுக்கிட்டுக் கட்டுங்க.

ஜெர்க்கோட ஸ்கர்ஜ் (மோதி வெடிக்கிற பறக்கிற பூச்சி) ஒண்ணு மோதினா 110. கவசம் 3-இல 107, கவசம் 6-இல 104. ரெண்டு கணக்கிலயும் 5 ஸ்கர்ஜ் ஒரு குரூசரை முடிச்சிடும். இங்க கவச அப்கிரேட் உதவாது, ஏன்னா பெரிய ஒற்றை அடியில 3 கழிஞ்சா தெரியாது. சின்னச் சின்னதா நிறைய அடிக்கிற எதிரிக்குத்தான் கவசம். மரீனோட 6, கவசம் 6-க்கு முன்னால அரைப் புள்ளியாக் குறைஞ்சிடும். புரோட்டோஸ் (மூணாவது படை) டிராகூனோட 20, 14-ஆத்தான் குறையும். இதை வச்சே எந்த எதிரிக்கு எதை முதல்ல அப்கிரேட் பண்றதுன்னு முடிவெடுக்கலாம்.

ஸ்கர்ஜ் ஜோடிக்கு 25 மினரல் 75 கேஸ். மூணு ஜோடி 75, 225. உங்க கப்பல் 400, 300. அவனுக்கு எப்பவும் லாபம்.

ஸ்கர்ஜுக்கு 25 உயிர். உங்க லேசர் சரியா 25. அதனால ஒரு அடியில சாகணும். ஆனா ஜெர்க் பறக்கிற கவசம் ஒரு நிலை போட்டாலே உங்க அடி 24 ஆயிரும், ஸ்கர்ஜ் ஒரு உயிரோட தப்பி வந்து மோதும். அதுக்கு மருந்து கப்பல் ஆயுதம் 1: 28-இல 1 போனா 27. ஜெர்க்கோட ஆடும்போது கவசத்துக்கு முன்னால ஆயுதம் 1 போடுறதுக்கு இதுதான் காரணம்.

டிஃபைலர்ங்கிற ஜெர்க் பூச்சி வந்தா இன்னும் மோசம். அது தெளிக்கிற பிளேக் 300 அளவு தின்னும், கவசத்தைப் பார்க்காது. கொல்லாது, ஆனா 500 கப்பல் 200-க்கு வந்த பிறகு ரெண்டே ஸ்கர்ஜ் போதும். கப்பல்கள் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி நின்னா ஒரே பிளேக்கில அத்தனையும் சிவக்கும். ரெண்டு மூணு மெடிக் (டெரன் மருத்துவர்), ரெஸ்டோரேஷன் ஆராய்ச்சியோட கீழ வச்சிருங்க. 50 எனர்ஜிக்கு ஒரு கப்பலோட பிளேக்கைத் துடைச்சிடும். அதே ரெஸ்டோரேஷன் கோஸ்டோட லாக்டவுனையும் கழட்டும், டெரன் எதிர் டெரன்லயும் அந்த மெடிக் வீணாகாது. லாக்டவுன் பட்ட கப்பல் நகரவும் சுடவும் முடியாம மிதக்கும், அந்த இடைவெளியில கோலியாத் வந்து சேர்ந்திரும். மறைஞ்சு வர்ற கோஸ்டைப் பார்க்க ஒரு சயன்ஸ் வெசல் கூடவே பறக்கணும். அந்த வெசல் 100 எனர்ஜிக்கு டிஃபென்சிவ் மேட்ரிக்ஸ் போட்டா 250 அடி தாங்கும், முன்னால போற கப்பலுக்குப் போடுங்க.

புரோட்டோஸ்ல டார்க் ஆர்க்கன் ஃபீட்பேக் இருக்கு. 50 எனர்ஜி செலவில உங்க கப்பல்ல எவ்வளவு எனர்ஜி இருக்கோ அவ்வளவு உயிரைப் பிடுங்கும். ரியாக்டர் போட்டு 250 வரை ஏத்தி வச்ச கப்பல் பாதி உயிரை ஒரே தொடுகையில இழக்கும். ஹட்டன் நண்பர் சொன்ன வரிசை இதுக்கும் பொருந்தும். ஆர்பிட்டர் ஸ்டாசிஸ் போட்டு அரைவாசிக் கப்பலை உறைய வச்சிட்டு மீதியைத் தின்னும். அங்கயும் நான் கட்ட மாட்டேன்.

---

கணக்கப்பிள்ளை:

கேஸ் கணக்கு கேட்டீங்க, இதோ.

12 கப்பல் 4800 மினரல், 3600 கேஸ், 72 சப்ளை. சப்ளை டிப்போ 8-ன்னா இந்தக் கூட்டத்துக்கு மட்டும் 9 டிப்போ. கப்பல் ஆயுதம் மூணு நிலைக்கு 100, 150, 200, ஆக 450 கேஸ். கப்பல் கவசம் 150, 225, 300, ஆக 675. யமாட்டோ 100, ரியாக்டர் 150. கேஸைக் கூட்டினா 4975. பெரும்பாலான மேப்பில ஒரு கீசர்ல (கேஸ் ஊற்று) 5000-தான் இருக்கும். முழுக் கீசர் ஒண்ணைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினாத்தான் இது நடக்கும், அதுவும் கட்டடச் செலவைச் சேர்க்காம.

கட்டடம்: ஃபேக்டரி 100 கேஸ், சயன்ஸ் ஃபெசிலிட்டி 150, ஃபிசிக்ஸ் லேப் 50, ஆர்மரி ரெண்டு 100, கண்ட்ரோல் டவரோட ஸ்டார்போர்ட் ஒண்ணுக்கு 150. நாலு ஸ்டார்போர்ட்னா 600. மொத்தம் இன்னொரு 1000. ஆக 5975. ஒரு எஸ்சிவி ஒரு நடைக்கு 8 கேஸ்தான் கொண்டு வரும். ஒரு கப்பலோட 300 கேஸுக்கே 38 நடை. கொழுந்து நிறுக்கிற மாதிரி, ஒவ்வொரு கூடையா வந்து சேரணும். மூணாவது பேஸ் நிலையா இல்லாம இந்தத் திட்டத்தைத் தொடங்காதீங்க.

ஸ்டார்போர்ட் நாலு. ஒரு குரூசருக்கு ஃபாஸ்டெஸ்ட்ல 84 செக்கன் அளவு. ரெண்டு ஸ்டார்போர்ட்ல 12 கப்பல் வர எட்டரை நிமிஷத்துக்குக் கிட்ட. நாலுல நாலேகால் நிமிஷம். ஒண்ணு ரெண்டா வெளிய வர்றதைப் பார்த்து எதிராளி கோலியாத்துக்கு மாறிடுவார், அதனால எல்லாம் ஒண்ணா வர்றதுதான் நல்லது. ஆட்-ஆன் (அந்தக் கண்ட்ரோல் டவர்) வலது பக்கம் ஒட்டும், அந்த இடத்தை டிப்போவால அடைச்சிடாதீங்க.

ஆர்மரி ஏன் ரெண்டு? ஒண்ணுல ஒரு நேரத்தில ஒரு அப்கிரேட்தான். மூணு நிலையும் முடிய ஒன்பது நிமிஷத்துக்கு மேல எடுக்கும். ரெண்டாம் நிலைக்கு சயன்ஸ் ஃபெசிலிட்டி இருந்தாகணும். டேங்குக்கான வாகன ஆயுதம் ஒரு ஆர்மரியில ஓடட்டும், ரெண்டாவதுல கப்பல் கவசத்தை ஸ்டார்போர்ட் கட்டுறதுக்கு முன்னமே தொடங்கிடுங்க. உங்க ஆட்டத்தில பிழையாப் போனது இந்த வரிசைதான்: கப்பல் வந்த பிறகு கவசத்தை நினைச்சிருக்கீங்க.

இன்னொண்ணு. ஃபிசிக்ஸ் லேப் உடைஞ்சா புதுக் குரூசர் போட முடியாது. எதிராளி ஸ்கேன் பண்ணினா முதல்ல தேடுறதும் அதைத்தான். பேஸோட வெளி விளிம்பில வைக்காதீங்க, பக்கத்தில ரெண்டு டரெட் போடுங்க.

---

பதுளை_வயர் பதில்:

ஆட்டக் கணக்கு எல்லாம் வந்திருச்சு, லேன் பற்றி ஒரு வார்த்தை. 2017 ஏப்ரல்ல இருந்து ஸ்டார்கிராஃப்டும் ப்ரூட் வாரும் இலவசம், பழைய லேப்டாப்லயும் ஓடும். ஆனா எல்லா மெஷின்லயும் ஒரே வெர்ஷன் இருக்கணும். ஒருத்தர்ட்ட பழைய 1.16.1, இன்னொருத்தர்ட்ட புதுசுன்னா ஒண்ணா ஆட முடியாது. போட்டிக்கு முதல் நாளே எல்லாரோட மெயின் மெனுவிலயும் வெர்ஷன் எண்ணைப் பாருங்க.

வைஃபைல ஆடாதீங்க, கேபிள் போடுங்க. நம்ம ஊர் ஈரத்தில பழைய கேபிளோட ஆர்ஜே45 முனையை வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்தா, எட்டுத் தகடுல ஒண்ணு ரெண்டு மங்கி, பச்சை பூத்திருக்கும். அந்த மெஷின்தான் சண்டை சூடு பிடிக்கிற நேரத்தில எல்லாரையும் நிறுத்தி வைக்கும். பென்சில் அழிறப்பரால மெதுவாத் தேய்ச்சு, உலர்ந்த துணியால துடைங்க. சரியாகலன்னா முனையை வெட்டிப் புதுசு அடிச்சிடுங்க. கரண்ட் போனா லேப்டாப் பேட்டரியில நிக்கும், ஸ்விட்ச் அணைஞ்சிடும், எல்லாரும் கழண்டுடுவாங்க. ஐப்பசி கார்த்திகையில பின்னேரம் இடி மழை வழக்கம், அதனால ஸ்விட்ச்சுக்குச் சின்ன யூபிஎஸ் ஒண்ணு கட்டாயம். பெரிய ஆட்டங்களைக் காலையில வைங்க.

---

தலவாக்கலை_தம்பி:

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு: எதிராளிட்ட ஏற்கெனவே 20 கோலியாத், ஆயுதம் 3, சாரன் எல்லாம் இருக்குன்னு ஸ்கேன்ல தெரிஞ்சா?

---

கணக்கப்பிள்ளை:

அப்ப குரூசரை விட்டுடுங்க தம்பி. கோலியாத் தரையில டேங்குக்கு முன்னால நிக்காது. அந்த 20 கோலியாத்துக்கு அவர் போட்ட 40 சப்ளையில உங்களுக்கு 20 டேங்க் வரும், சீஜ் போட்டு மெதுவா முன்னேறுங்க. அவர் கோலியாத்தைக் குறைச்சு டேங்குக்குத் திரும்புறதை ஸ்கேன்ல பார்க்கிற வரைக்கும் கப்பல் கவசத்தை மட்டும் ஆர்மரியில ஓட விட்டு வைங்க. அது 3-க்கு வந்து, அவர் கையில டேங்க் கூடின அன்னைக்கு நாலு ஸ்டார்போர்ட்லயும் ஒரே நேரத்தில போடுங்க.